கர்னல் கிரெசாப் வீட்டு விருந்து

கேள்வி: 1755-ல் வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களை விரட்ட ஒஹையோ பக்கம் போன பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படைக்கு, எல்லைப்புறக் குடியேறிகள் வழியில் இடம் கொடுத்தார்களாமே! காட்டுக்குள் தனியாக இருந்தவர்களுக்கு என்ன ராஜ விசுவாசம், என்ன விருந்தோம்பல்!

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தப் படை தங்கிப் போன இடங்களில் ஒன்று, மேரிலாந்தில் பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருந்த தாமஸ் கிரெசாப்பின் வீடு. ஷானி பழங்குடியினர் விட்டுப்போன ஊர் அது. வடக்கும் தெற்குமாகச் சண்டைக்குப் போகும் பழங்குடி வீரர்களின் பாதையும் அதுதான். அதனால் மனிதர் வீட்டைச் சுற்றி மரக்கோட்டையே கட்டியிருந்தார். படையோடு போன கடற்படைப் பிரிவின் நாட்குறிப்பு ஒன்று அவரை அயோக்கியன் என்றே திட்டுகிறது. ஊரைக் காலி செய்யச் சொன்ன பிரெஞ்சுக்காரர்களுக்கு மசியவில்லை என்று அதே பத்தியில் பாராட்டவும் செய்கிறது. விருந்து சாப்பிட்டவர்கள் எழுதுகிற எழுத்தா இது?

சரி, மசியாததற்குக் காரணம் என்ன? கிரெசாப், ஒஹையோ கம்பெனி என்ற நில வியாபாரக் கம்பெனியின் பங்குதாரர். அரசர் அந்தக் கம்பெனிக்கு ஒஹையோ பக்கம் 2 லட்சம் ஏக்கர் தருவதாகச் சொல்லியிருந்தார். 7 ஆண்டுக்குள் 100 குடும்பங்களைக் குடியேற்ற வேண்டும், கோட்டை கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே இருக்கும்வரை அந்த ஏக்கரெல்லாம் வெறும் காகிதம். வர்ஜீனியாவை ஆண்ட டின்விடியும் அதில் பங்குதாரர், ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன்மாரும் பங்குதாரர்கள். இன்னொன்றும் கேளுங்கள். நெமகோலின் என்ற டெலவேர் பழங்குடித் தலைவரை வைத்து, கம்பெனிக்காக மலைக்கு அப்பால் ஒரு தடம் போட்டவரே கிரெசாப்தான். பிராடக்கின் ஆட்கள் பெரும்பாலும் அந்தத் தடத்தை ஒட்டித்தான் மரம் வெட்டி, 12 அடி அகலப் பாதை போட்டார்கள். கம்பெனி வழியை அரசர் செலவில் அகலமாக்கித் தர வந்தவர்களுக்கு முற்றத்தில் இடம் கொடுக்க என்ன கஷ்டம்?

எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை என்பதும் உண்மை. வாஷிங்டனுக்கு வழிகாட்டிய கிறிஸ்டஃபர் கிஸ்ட்டின் குடியிருப்பை 1754-லேயே பிரெஞ்சுக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். மறு ஆண்டு ஜூலையில் தோற்று, காயம்பட்ட பிராடக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த படை ஒதுங்கியது அந்த எரிந்த இடத்தில்தான். அங்கே உபசரிக்க வீடே இல்லை.