பான்டூன் படகும் ட்ரெய்லரும்: கேட்டவர்களுக்குப் பதில்

மினசோட்டாவில் பதினோரு வருடமாக பான்டூன் வைத்திருக்கிறேன். முதலில் வாங்கியது தப்பான படகு, அதை வண்டிக்குப் பின்னால் ஏற்றி இழுத்துப்போக அதைவிடத் தப்பான ட்ரெய்லர். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன். படகு விற்கும் ஆள் இல்லை.

பான்டூன் என்றால் சரியாக என்ன அண்ணா? மற்ற மோட்டார் படகுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? (நியூ ஜெர்சி)

இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள், மேலே தட்டையான தளம், சுற்றிலும் வேலி, நடுவில் சோபா. வீட்டுத் திண்ணையைத் தூக்கி ஏரியில் விட்டமாதிரி இருக்கும். 1950களின் தொடக்கத்தில், இங்கே ரிச்மண்ட் என்ற ஊரில், ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து அதன்மேல் மரத்தளம் போட்டார். அங்கிருந்து வந்ததுதான் இது. தெப்பத் திருவிழாவுக்கு டிரம்களைக் கட்டி மேலே மேடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

எங்களிடம் டொயோட்டா சியன்னா இருக்கிறது. 22 அடி பான்டூனை இழுக்குமா? (டாலஸ்)

எல்லோரும் கடைசியில் கேட்கிற கேள்வி இது. முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். ஷோரூமில் சொல்லும் எடை வெறும் படகின் எடை. மற்றதை நாம்தான் கூட்ட வேண்டும். 22 அடிப் படகு சுமார் 2,200 பவுண்டு. 115 எச்.பி. மோட்டார் 360. முப்பது கேலன் பெட்ரோல் 180. ட்ரெய்லர் 1,000. நங்கூரம், பேட்டரி, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி என்று ஒரு 200. மொத்தம் 3,940. சியன்னாவின் வரம்பு 3,500.

"கொஞ்சம்தானே கூட, மெதுவாகப் போனால் ஆச்சு" என்று நினைக்காதீர்கள். இழுப்பது பெரிய விஷயமில்லை, நிறுத்துவதுதான் விஷயம். ஈரமான ராம்ப்பில் (படகை இறக்கி ஏற்றும் சரிவுப் பாதை) படகை மேலே ஏற்றும்போதும் முன்சக்கர இழுவை வண்டி திணறும். பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் மேல் இறங்கும் பாரமும் உண்டு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். அதற்கும் வண்டியின் கையேட்டில் தனி வரம்பு போட்டிருக்கும்.

உங்களுக்கு இரண்டு வழி. 18 அடிப் படகில் சின்ன மோட்டார் வைத்தால் ட்ரெய்லரோடு 3,000 பவுண்டுக்குள் முடித்துவிடலாம். இல்லையென்றால் 22 அடியே வாங்கி, சீசன் முழுக்க மரீனாவில், அதாவது படகு நிறுத்தும் துறையில், கட்டிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை பிக்கப் வைத்திருக்கும் நண்பரைக் கெஞ்சினால் போதும்.

பழைய ட்ரெய்லர் ஒன்று மலிவாக வருகிறது. சிஸர் ட்ரெய்லர் என்கிறார்கள். வாங்கலாமா? (மிச்சிகன்)

ஏரிக்கரையிலேயே வீடு இருந்து, கொட்டகைக்கும் தண்ணீருக்கும் இடையே மட்டும் ஓட்டுவதென்றால் வாங்குங்கள். அது குழாய்களுக்கு நடுவே நுழைந்து, தளத்தை அடியிலிருந்து ஜாக்கி மாதிரி தூக்கும். ஆழமில்லாத ராம்ப்பில் அருமையாக வேலை செய்யும். ஆனால் சக்கரங்கள் நெருக்கம், படகு உயரத்தில். நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடித்தால் ஆடும் ஆட்டத்தைக் கண்ணாடியில் பார்க்க வயிற்றைக் கலக்கும். நான் முதலில் வாங்கியது இதுதான்.

தூரம் போகிறவர்களுக்கு பங்க் ட்ரெய்லர். கம்பளம் சுற்றிய நீளப் பலகைகள் குழாய்களை முழு நீளத்துக்கும் தாங்கும். 20 அடிக்கு மேல் இரட்டை அச்சு எடுங்கள். ஒரு டயர் வெடித்தாலும் ஓரம் கட்டலாம். மினசோட்டாவில் ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து 3,000 பவுண்டைத் தொட்டால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் முங்கும் ட்ரெய்லருக்கு சர்ஜ் பிரேக்தான் ஒத்துவரும். வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னே தள்ளும் அழுத்தத்தில் தானே பிடிக்கும் பிரேக் அது.

அப்புறம் பேரிங். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான சக்கரக் குடத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் போகும், துரு வரும். பிரெய்னர்ட் போகும் வழியில் என் வலது சக்கரம் புகைந்து, குடும்பத்தோடு நாலு மணி நேரம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தோம். இப்போது வழியில் நிறுத்தும்போதெல்லாம் குடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கை வைக்க முடியாத சூடென்றால் அடுத்த மைல் கிடையாது.

இரண்டு குழாயா, மூன்று குழாயா? லேக் சிம்கோவில் ஓட்டப் போகிறோம். (டொரான்டோ)

சிம்கோ என்றால் மூன்று. அகலமான ஏரி, காற்று எழும்பினால் அலை பொல்லாதது. எங்கள் மில் லாக்ஸ் ஏரியும் இதே குணம்தான். 200 சதுர மைலுக்கு மேல் விரிந்தும் ஆழம் 42 அடியைத் தாண்டாது, அதனால் குட்டையான செங்குத்து அலைகள். இரண்டு குழாயில் அங்கே போய் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு திரும்பினேன். சின்ன ஏரியில் சாயங்காலம் சுற்றிவர மூன்றாவது குழாய் வெட்டிச்செலவு, எடையும் ஏறும்.

கனடாவில் வசிப்பவர்கள் சொந்த மோட்டார் படகு ஓட்ட, தேர்வெழுதி வாங்கும் ஆப்பரேட்டர் கார்டு மாதிரி ஒரு தகுதிச் சான்று வேண்டும். படகுக்கு முன்பணம் கட்டும் முன்பே அந்தத் தேர்வை எழுதிவிடுங்கள்.

எத்தனை எச்.பி. போதும்? (அட்லாண்டா)

உலாவ 60 முதல் 90. பிள்ளைகளைக் காற்றடைத்த ட்யூபில் உட்காரவைத்துப் பின்னால் இழுக்க 115. பனிச்சறுக்கு மாதிரி நீர்ச்சறுக்கு என்றால் 150, அதுவும் மூன்று குழாயில். விற்கிறவர் இதைவிட ஒரு படி மேலேதான் சொல்வார். படகில் பதித்திருக்கும் தகட்டில் போட்டிருக்கும் உச்சவரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடப் பழைய படகு. என்ன பார்க்க வேண்டும் அண்ணா? (விஸ்கான்சின்)

சோபாத் துணி கிழிந்திருந்தால் பேரம் பேசலாம், அவ்வளவுதான். தளத்தில் வெறுங்காலோடு மூலை மூலையாக நடங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் கீழே பிளைவுட் ஊறிவிட்டது. குழாயை விரலால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே தண்ணீர். வெல்டிங் கோட்டில் ஒட்டுப்பசை தெரிந்தால் காரணம் கேளுங்கள். தண்ணீரில் ஓட்டிக் காட்டாத படகை வாங்காதீர்கள். "மோட்டார் நேற்றுதான் சர்வீஸ்" என்று ஒருவர் சத்தியம் செய்து விற்ற படகு எனக்கு மூன்றாவது வாரம் நடு ஏரியில் நின்றது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், நீச்சல் தெரியாது. ஆறு வயதுப் பையனும் இருக்கிறான். பயமாக இருக்கிறது. (மினியாபொலிஸ்)

முதலில் பயப்பட வேண்டிய இடம்: முன் கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். படகு ஓடும்போது அங்கே காலைத் தொங்கப்போட்டு உட்காரப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். விழுந்தால் இரண்டு குழாய்க்கும் நடுவே புகுந்து நேராக மோட்டார் விசிறியிடம் போய்விடுவார்கள். வேகத்தைக் குறைக்கக்கூட நேரம் இருக்காது. மோட்டார் ஓடினால் கேட் மூடியிருக்க வேண்டும். இதில் தாத்தா சிபாரிசு செல்லாது.

இன்னொன்று நம் ஆட்களுக்கென்றே உள்ளது. போட்டோ என்றால் பன்னிரண்டு பேரும் முன்பக்கம் ஓடிவிடுவார்கள். மூக்கு தாழ்ந்து, எதிரே வரும் அலை தளத்தின் மேலேயே ஏறிவிடும். மோட்டாரை நிறுத்தி, பாதிப் பேரைப் பின்னால் உட்காரவைத்து எடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று படகில் இருக்க வேண்டும். படகு ஓடும்போது பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் போட்டே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கும் போட்டுவிடுங்கள். என் மாமியார் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? (சிகாகோ)

வருடத்துக்கு ஐந்தாறு நாள்தான் என்றால் வாடகை. வாங்குகிறவர்களும் முதலில் ஒரு கோடை வாடகைக்கு ஓட்டுங்கள். காற்றடிக்கும் நாளில் டாக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று அதில் தெரிந்துவிடும். பான்டூனுக்குக் காற்று என்றால் பாய்மரம் கட்டின மாதிரி.

படகிலேயே கேஸ் அடுப்பு வைத்து பிரியாணி செய்யலாமா? (பெயர் வேண்டாம் என்றார்)

இருக்கைக்கு அடியில் முப்பது கேலன் பெட்ரோல் இருக்கிறது ஐயா. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.