ஸ்டோர்ஸ் பணியிலிருந்து எஸ்.ஏ.பி. துறைக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் பணிபுரிகிறேன். நிறுவனங்களின் கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒருங்கே கவனிக்கும் எஸ்.ஏ.பி. மென்பொருள் துறைக்கு மாற விரும்புகிறேன். புரோகிராமிங் தெரியாது. பயிற்சி மையங்கள் பெருந்தொகை கேட்கின்றன. அதில் எந்த மாட்யூலை (பிரிவை) படித்தால் வேலை கிடைக்கும்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கொள்முதலையும் இருப்பையும் கவனிக்கும் எம்.எம். மாட்யூலையே படியுங்கள். எதற்கு மவுசு என்று பார்த்து மாட்யூலைத் தேர்ந்தெடுப்பவர்கள் நேர்முகத் தேர்வில் தடுமாறக் காரணம், திரைகளைப் பழகிய அளவுக்கு அவற்றின் பின்னாலுள்ள அலுவலைப் பழகாததே. உங்களுக்கு அந்த அலுவல் கைவந்தது.

காஸ்டிக் சோடா மூட்டைகளுடன் லாரி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பர்ச்சேஸ் ஆர்டரில் 100 மூட்டை. எண்ணினால் 90 தான் இருக்கிறது. நீங்களும் 90 மூட்டைக்குத்தான் ஜி.ஆர்.என். (சரக்கு பெற்றதற்கான சீட்டு) போடுவீர்கள். எஸ்.ஏ.பி.யில் அதைப் பதிந்ததுமே இருப்புக் கணக்கில் பற்றும், ஜி.ஆர்./ஐ.ஆர். என்னும் இடைக்கணக்கில் வரவும் ஏறிவிடும். பிறகு சப்ளையரின் பில்லைப் பதியும்போது இடைக்கணக்கு நேராகி, தொகை சப்ளையர் கணக்கில் வரவாகும். பில் 100 மூட்டைக்கு வந்து, வித்தியாசம் நிறுவனம் நிர்ணயித்த வரம்பைத் தாண்டினால், பணம் போகாதபடி மென்பொருளே நிறுத்திவைக்கும். நேர்முகத் தேர்வில் துருவித் துருவிக் கேட்கப்படும் இந்த ஓட்டத்தை, ஸ்டோர்ஸும் கணக்கியலும் தெரிந்த உங்களால் தயக்கமின்றி விளக்க முடியும்.

புரோகிராமிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எஸ்.ஏ.பி.க்கே உரிய அபாப் மொழியில் புரோகிராம் எழுதுவது தனிப் பிரிவு. எம்.எம். போன்ற மாட்யூலைப் படித்தவர் ஆகும் ஃபங்ஷனல் கன்சல்டன்ட்டின் முதன்மையான வேலை, நிறுவனத்தின் தேவையைக் கேட்டறிந்து அதற்கேற்ப மென்பொருளை அமைப்பதுதான்.

பணம் கட்டும் முன், எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் கற்றல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைப் படித்துவிடுங்கள். இதே வகையைச் சேர்ந்த இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற வேறொரு மென்பொருள் இலவசமாகவே கிடைப்பதால், அதில் ஒரு கற்பனை ஆலையை உருவாக்கி, ஆர்டர் முதல் பட்டுவாடா வரை நீங்களே நடத்திப் பாருங்கள். திரைகள் வேறாக இருந்தாலும் அலுவலின் ஓட்டம் ஒன்றுதான். ஆலையின் உண்மையான தரவுகளை மட்டும் தயவுசெய்து வெளியே கொண்டுபோக வேண்டாம்.

அதன் பிறகும் பயிற்சி தேவைப்பட்டால், எந்தப் பதிப்பைக் கற்பிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பழைய இ.சி.சி. பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியில் முடிவதால், 2015-இல் வெளிவந்த எஸ்/4ஹானா என்ற புதிய பதிப்புக்கு நிறுவனங்கள் மாறிவருகின்றன. உங்களுக்கு வேண்டியது அதுவே. மையம் தரும் சான்றிதழ் வேறு, எஸ்.ஏ.பி. நிறுவனமே தேர்வு நடத்தித் தரும் சான்றிதழ் வேறு என்பதையும் மறவாதீர்கள். போலி அனுபவச் சான்று வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பிடிபட்டால், உழைத்துப் பெற்ற உங்கள் உண்மையான அனுபவத்தையும் எவரும் நம்பமாட்டார்கள்.

இப்போதைய வேலையை அவசரப்பட்டு விட வேண்டாம். உங்கள் ஆலையிலேயே எஸ்.ஏ.பி. இருந்தால், ஸ்டோர்ஸ் பிரிவின் கீ யூசர் (பிரிவின் சார்பில் மென்பொருள் விவகாரங்களைக் கவனிப்பவர்) பொறுப்பைக் கேட்டுப் பெறுங்கள். கன்சல்டன்ட்டுகளுடன் அமர்ந்து டெஸ்டிங் செய்யும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கும்.