வயல் நிறைய நெல், புரட்டாதியில் கடை அரிசி
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் ஊரில் 140 குடும்பங்கள். காலபோகம் (மாரிகால நெல்) நன்றாகவே விளைகிறது. ஆனாலும் புரட்டாதி பிறந்தால் பாதி வீடுகளில் கடை அரிசிதான். ஊருக்கான உணவைத் திட்டமிட மாதர் சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறோம். எதை, எப்படிக் கணக்கெடுப்பது?
– ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: விளைச்சலை மட்டும் எண்ணினால் உங்கள் ஊரில் குறையே தெரியாது. போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு மூன்றரைப் பேர் வீதம் ஊரில் 490 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால் ஆண்டுக்கு 53,655 கிலோ. காய்ந்த நெல் 100 கிலோ குற்றினால் 65 கிலோ அளவில் அரிசி வரும். ஆகவே ஏறத்தாழ 82,500 கிலோ நெல், அதாவது புசல் 20.9 கிலோ வீதம் 3,950 புசல் தேவை. ஏக்கருக்கு 70 புசல் விளைந்தால் 57 ஏக்கர் போதும். விதைநெல்லுக்கு ஏக்கருக்கு 2 புசல் தனியாக ஒதுக்குங்கள். குளத்துக்குக் கீழே உள்ள வன்னி ஊர் பலவற்றில் இதைவிடக் கூடுதலாகவே வயல் உண்டு.

பிறகு ஏன் புரட்டாதியில் பானை சுருங்குகிறது? மெஷினால் வெட்டிய ஈரநெல் வயல் வரம்பிலேயே லொறியில் ஏறிவிடுகிறது. உழவுக்கூலி, உரக்கடன், அடைவு வைத்த நகை எல்லாம் மாசியிலேயே வாசலில் நிற்கின்றன. காயவிடக் களம் இல்லாதவர் நெல்லை ஒரு கிழமைகூடப் பிடித்துவைக்க முடியாது. வயலே இல்லாத வீட்டின் அரிசி நாட்கூலியில் இருக்கிறது. குளத்தில் நீர் குறைந்து சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) ஏக்கரைக் குறைத்தால் அந்தக் கூலியும் குறையும். ஆகவே நீங்கள் கேட்கவேண்டியது இரண்டு கேள்விகள்தான். அரிவு வெட்டியபின் வீட்டுக்குள் வந்தது எத்தனை மூட்டை? அது எந்த மாதம் தீர்ந்தது?

140 வீடும் ஏறத் தேவையில்லை, 30 வீடு போதும். ஆனால் றோட்டோர வீடுகளாகப் பொறுக்கவேண்டாம். வயற்காரர், மேட்டுக்காணி மட்டும் உள்ளவர், கூலிக்குப் போவோர், பெண் தலைமைக் குடும்பங்கள், குளத்தில் மீன் பிடிப்போர் என எல்லாரும் அந்த 30க்குள் வரவேண்டும். இது நிவாரணப் பட்டியல் அல்ல என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கையிருப்பைக் குறைத்துத்தான் சொல்வார்கள், அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அளவைகளில் கவனம். சுண்டு என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேணியையே வாங்கித் தராசில் வையுங்கள். தலைதட்டி அளப்பதும் குவித்து அளப்பதும் ஒன்றல்ல. நாளுக்கு நாலு சுண்டு போடும் வீட்டில் அந்த வித்தியாசம் மாதக் கடைசியில் சில கிலோவாக வந்து நிற்கும்.

மாதக் கணக்குக்குக் காகிதம் வேண்டாம். மரநிழலில் நிலத்தில் 12 கட்டம் கீறி, கச்சான் கொட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். அரிசி கூடிய மாதத்துக்குக் கூட, குறைந்த மாதத்துக்குக் குறைய. கடனுக்கு இன்னொரு வரிசை. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே இருத்துங்கள். சேர்த்து இருத்தினால் சங்கத் தலைவர் சொன்னதே ஊர்க் கணக்காகிவிடும். ஒரு வேளைச் சமையலைக் குறைத்த மாதம் எது என்பது அடுப்படியில் நிற்பவருக்குத்தான் தெரியும். மாசியில் மட்டும் கேட்டு முடிக்காமல் கார்த்திகையில் இன்னொரு முறை செய்யுங்கள்.

கடைசியாக ஊர்க் கடைகளில் ஒரு கிழமை விற்றதை எழுதுங்கள். மைசூர்ப் பருப்பு நிச்சயம் மேலே நிற்கும். அது கப்பலில் வருகிறது. பயறும் கௌபியும் நம் மேட்டுக்காணியிலேயே விளைபவை. கிழமைக்கு இரண்டு நாள் ஆளுக்கு 40 கிராம் பயறு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,040 கிலோ. மானாவாரியில் ஏக்கருக்கு 300 கிலோ என்று தாழ்த்தியே போட்டாலும் 7 ஏக்கர். விதை ஏக்கருக்கு 12 கிலோ வீதம் 84 கிலோ. முதல் ஆண்டில் இந்தப் பயறும், ஒரு பொதுக் காயவிடு களமும் போதும். பத்துத் திட்டம் எழுதிய ஊரில் ஒன்றும் நடக்காது.

கேள்வி: பயறு சேமித்தோம், மூன்று மாதத்தில் வண்டு மாவாக்கிவிட்டது. பீப்பாவில் போட்டும் ஏன் இப்படி?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: வண்டு பெரும்பாலும் உங்கள் வீட்டில் ஏறியதல்ல, காயோடு வயலிலிருந்தே வந்திருக்கும். ஒரு கை பயற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோலில் ஒட்டிய வெள்ளைப் புள்ளிகள் முட்டைகள். புழு உள்ளே தின்று வளர்ந்து, வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும்.

நெற்று காய்ந்தவுடன் ஆய்ந்துவிடுங்கள், செடியில் நிற்கவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டுப் பல்லில் கடித்துப் பாருங்கள். படக்கென்று உடையவேண்டும், பல் பதிந்தால் இன்னும் ஈரம். சூடு ஆறியபின்தான் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உட்பக்கம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

உங்கள் பீப்பாவில் பிழை பெரும்பாலும் இதுதான்: பாதி நிரப்பி, சமையலுக்கு அடிக்கடி திறந்திருப்பீர்கள். உள்ளே காற்று இருக்கும்வரை வண்டும் இருக்கும். பெரிய பீப்பாவுக்குப் பதில் இறுக்கமான மூடியுள்ள சிறு கான்கள் பல எடுத்து, ஒவ்வொன்றையும் வாய்வரை நிரப்பி, ஒன்று தீர்ந்தபின் மற்றதைத் திறவுங்கள். விதைக்கு வைப்பதென்றால் கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் சமையல் எண்ணெய் பூசிப் பிசறலாம். உண்பதற்கு வைத்ததில் ஒரு பங்கை உடைத்துப் பருப்பாக்கியும் வைக்கலாம். முழுப் பயற்றைப்போல வண்டு அதை நாடுவதில்லை.

கேள்வி: குளத்து மீன், பாலைப்பழம், முசுட்டை இலை எல்லாம் கணக்கில் வருமா?
– மல்லாவி வாசகி

பதில்: கட்டாயம் வரும். காசு கொடுக்காததால் எவரும் இவற்றைச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். மீனில் மட்டும் ஒன்று பாருங்கள். குளம் வற்றும் காலத்தில் மீன் மலிவாக அகப்படும், ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூரும் போகும். பிடித்தது எவ்வளவு என்பதோடு, ஊரில் சமைத்தது எவ்வளவு என்பதையும் தனி நிரலில் எழுதுங்கள்.