ஆயிரம் வாட்ஸ் வேண்டாம், நல்ல பெட்டி இரண்டு போதும்

கேள்வி: சின்ன அறை, ஒரு மேசை, அதில் லேப்டாப். பாட்டு கேட்பதற்கு மட்டும் குறைந்த விலையில் ஸ்பீக்கர் வாங்க வேண்டும். சப்வூஃபரோடு வரும் 2.1 செட் நல்லதா, வெறும் இரண்டு ஸ்பீக்கர் போதுமா? எத்தனை வாட்ஸ் பார்த்து வாங்குவது?

பதில்: பாட்டுக்காகத்தான் என்றால் 2.1-ஐ (இரண்டு சின்னப் பெட்டி, கூடவே பேஸ் எனும் கனத்த கீழ் ஒலிக்குத் தனியாக ஒரு சப்வூஃபர்) விட்டுவிட்டு, அதே பணத்தில் கிடைக்கும் நல்ல 2.0 ஜோடியை, அதாவது வெறும் இரண்டு ஸ்பீக்கரை, எடுங்கள். போடுகிற பணம் ஒன்றுதான். அதை இரண்டு பெட்டிக்குப் பதில் மூன்று பெட்டிக்குப் பங்கு போட்டால் மூன்றுமே இளைத்துப்போகும்.

மலிவான 2.1 செட்டில் மேசைமேல் நிற்கும் ‘சாட்டிலைட்’ எனும் சின்னப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான் இருக்கும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே (அதாவது நொடிக்கு 200 அதிர்வுக்குக் கீழே) அதற்கு மூச்சு வாங்கும். மிச்சத்தையெல்லாம் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுவார்கள். ஆண்கள் பேசும்போது குரலின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். கனத்த குரலுக்குக் கனம் தருவதே அந்தப் பகுதிதான். ஆக, பாடகரின் வாய் மேசைமேலும் நெஞ்சு மேசைக்கு அடியிலும் இருப்பதுபோலக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே பள்ளம் விழுந்தால் குரல் சளி பிடித்ததுபோல ஒல்லியாகிவிடும். அந்தச் சின்ன சப்வூஃபரும் ஒரே ஒரு அதிர்வில்தான் ஓங்கி ஒலிக்கும். பேஸ் கிடார் எந்த ஸ்வரத்தில் போனாலும் காதில் விழுவது ஒரே ‘டும் டும்’. படத்துக்கும் விளையாட்டுக்கும் அது பிடிக்கலாம், பாட்டுக்கு ஆகாது.

‘சப்வூஃபர் இல்லாவிட்டால் பேஸ் போய்விடாதா’ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பேஸ் கிடாரின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். நான்கு அங்குல வூஃபர் (கீழ் ஒலி தரும் ஸ்பீக்கர்) உள்ள பெட்டி சுமார் 60, 70 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும். ஆனாலும் அந்த 41-இன் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸ் சுத்தமாகக் கேட்டால், காணாமல்போன அடிப்படையை மூளையே நிரப்பிக்கொண்டு சுருதியைச் சரியாகப் பிடித்துவிடும். அதிர்வு உடம்பில் இறங்காது, அவ்வளவுதான். எந்த ஸ்வரம் வாசிக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

அடுத்தது வாட்ஸ். அட்டைப்பெட்டியில் ‘பிஎம்பிஓ’ என்று போட்டு ஆயிரக்கணக்கில் எண் இருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ‘ஆர்எம்எஸ்’ என்று போட்டிருக்கும் எண்தான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அதிலும் பெரிய எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. சக்தி இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். சத்தம் இரண்டு மடங்கானதுபோலக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 8 வாட்டில் 94 டெசிபல் தந்துவிடும். மேசை முன்னால் உட்கார்ந்து அதை வெகுநேரம் கேட்க முடியாது. ஒரு பக்கத்துக்கு 10 முதல் 20 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம்.

யுஎஸ்பி ஒயரில் மட்டுமே ஓடுகிற ஸ்பீக்கரைப் பாட்டுக்கு வாங்காதீர்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். இரண்டு ஸ்பீக்கரும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டிரம் ஓங்கி விழும் இடத்தில் நசுங்கிப்போகும். சுவர் பிளக்கில் மாட்டுவதாகப் பாருங்கள்.

வாங்கப் போகும்போது தேட வேண்டியது இது: மூன்று முதல் நான்கு அங்குல வூஃபர், அதோடு மேல் ஒலிக்கான தனி ட்வீட்டர், எம்டிஎஃப் மரப்பெட்டி. விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டினால் ‘டொக்’ என்று அடைத்த சத்தம் வர வேண்டும். காலி டப்பாபோல ஒலித்தால் அந்த ஓசை ஒவ்வொரு பாட்டிலும் கலந்துவரும். ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். பக்கத்தில் ‘±3 டெசிபல்’ போல, ஒலி எவ்வளவு ஏறி இறங்கும் என்ற ஓர் எல்லை இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. வால்யூம் குமிழ் முன்பக்கம் இருப்பது நல்லது. ப்ளூடூத், கலர் விளக்கு, ரிமோட் எல்லாம் இருந்தால் இருக்கட்டும், அதற்காகப் பணம் கூட்டாதீர்கள்.

கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், அங்கே ஓடும் பாட்டை விட்டுவிட்டு உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில், வெறும் காற்றிலிருந்து வருவதுபோல நிற்க வேண்டும். ‘ஸ’, ‘ச’ ஓசைகள் காதைக் கீறக் கூடாது. பிறகு வால்யூமை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மலிவான குமிழ்களில், சத்தம் அடங்கும் தறுவாயில் ஒரு பக்கம் முன்னாலேயே செத்துப்போகும். இரவில் மெதுவாகக் கேட்பவருக்கு இது தினமும் உறுத்தும் குறை. கடைசியாகப் பாட்டை நிறுத்திவிட்டு, நீங்கள் உட்காரும் தூரத்தில் ‘உஸ்’ இரைச்சல் கேட்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஸ்பீக்கர் கிடைத்தால் இன்னும் லாபம். வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் கவலை குறைவு. ஃபோம் என்றால் வருடங்கள் போகப் போக உளுத்து, கையில் மாவாக உதிரும். உதிர்ந்தால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளை மானிட்டரின் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். இரண்டு பெட்டியும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். மேசையில் 70, 80 சென்டிமீட்டர் இடைவெளி போதும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் முன்புறம் அடியில் ஓர் அழிரப்பரை வைத்துப் பெட்டியை மேல்நோக்கிச் சாயுங்கள். மூலையிலோ சுவரை ஒட்டியோ வைத்தால் பேஸ் வீங்கும். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டியானால் ஒரு சாண் இடமாவது விடுங்கள். வலது பெட்டிக்கு ஒயர் தனியாகப் போகும் மாடலில் சிவப்பு, கறுப்பு மாறிவிட்டால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் கலைந்துபோகும். பழுது என்று திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

லேப்டாப்பில் வால்யூமை 80, 90 சதவீதத்தில் வைத்துவிட்டு, ஏற்ற இறக்கத்தை ஸ்பீக்கர் குமிழில் செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். விண்டோஸில் ஒலி ‘என்ஹான்ஸ்மென்ட்’ வசதிகளை அணைத்துவிடுங்கள். மேசைப் பலகை எதிரொலிப்பதால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால், ‘ஈக்வலைசர் ஏபிஓ’ என்ற இலவச மென்பொருளில் 150 ஹெர்ட்ஸைச் சுற்றி 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். குறைப்பதில் ஆபத்தில்லை. பேஸ் போதவில்லையென்று 50 ஹெர்ட்ஸை ஏற்றினால், சின்ன வூஃபர் கட்டுப்பாடின்றி ஆடி எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

சார்ஜர் மாட்டியதும் ‘ம்ம்ம்’ என்ற ஓசையோ, மவுஸை நகர்த்தினால் ‘கீச்’ சத்தமோ வரலாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் எர்த் வழியாகச் சுற்றிவரும் மின்சாரம்தான் காரணம். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டுங்கள். அதிலும் அடங்காவிட்டால் 3.5 எம்எம் ஒயரின் நடுவே மாட்டும் ‘கிரவுண்ட் லூப் ஐசலேட்டர்’ மலிவாகக் கிடைக்கும். சார்ஜரைக் கழற்றியும் கீச்சொலி தொடர்ந்தால் அது லேப்டாப்பின் உள்ளிருந்து வருவது. சின்ன யுஎஸ்பி டேக் (லேப்டாப்புக்கு வெளியே ஒலியை மாற்றித் தரும் கருவி) ஒன்றை மாட்டி அதிலிருந்து ஒலியை எடுங்கள். சத்தம் நிற்கிறது என்பதற்காக பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ துண்டிப்பதோ மட்டும் கூடாது. உள்ளே மின்கசிவு ஏற்படும் நாளில் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பின்தான்.