ஐப்பசி பிறந்தால் புல்தரைக்கு மோட்டாரை நிறுத்திவிடலாமா?

புரட்டாசி பாதி கடந்ததும் வேலூர் சுற்றுவட்டார வாசகர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை எப்போது நிறுத்துவது என்பதாகவே இருக்கின்றன. குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் என்று சொல்லப்படும் அதே மாதங்களில் நமக்கு மழையும், அதன் பின்னாலேயே பனியும் வருகின்றன. அதனால் அங்கே எழுதப்பட்ட அட்டவணை எதுவும் நம் செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. இம்முறை வந்தவற்றுள் எட்டுக் கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று சென்ட் அளவில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். தினமும் 20 நிமிடம் ஓடும்படி டைமர் வைத்திருக்கிறோம். ஐப்பசி முதல் தேதியிலிருந்து அடியோடு நிறுத்திவிடலாமா? (காட்பாடி)

தேதி பார்த்து நிறுத்த வேண்டாம். ஆனால் தினமும் ஓடும் அந்த டைமரை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். இவ்விரண்டும் முரண்போலத் தோன்றும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் சராசரியாக அக்டோபர் 20ஆம் தேதியையொட்டித் தொடங்கும். கடலோர மாவட்டங்களோடு ஒப்பிட்டால், நமக்குத் தென்மேற்குப் பருவத்திலும், குறிப்பாக ஆவணி, புரட்டாசி மாதங்களின் மாலை நேர இடிமழையாக, நல்ல பங்கு கிடைத்துவிடுகிறது. ஆகவே ஐப்பசி பிறக்கும் நாளில் மண் முழுக்க ஈரமாக இருக்கும் ஆண்டும் உண்டு. மழை பெய்யாமல் பத்து நாள் வெயில் காய்ந்து, வெடிப்பு விடத் தொடங்கியிருக்கும் ஆண்டும் உண்டு. காட்பாடியில் கொட்டித் தீர்க்கும் மழை, பாலாற்றுக்குத் தெற்கே தூறலோடு நின்றுவிடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

எனவே மண்ணைத்தான் கேட்க வேண்டும். நீளமான திருப்புளி ஒன்றை எடுத்துப் புல்தரையின் நான்கைந்து இடங்களில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கைப்பிடி வரை வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஈரம் போதும். இரண்டு விரற்கடை இறங்கியதும் முட்டிக்கொண்டு நின்றால், மேலே பசுமையாகத் தெரிந்தாலும் வேர்ப்பகுதி காய்ந்துவிட்டது என்று பொருள். வெளியே எடுத்த திருப்புளியின் மேல் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு மண் ஒட்டியிருக்கிறதா, விரலால் தடவினால் குளிர்ச்சி தெரிகிறதா என்பதையும் பாருங்கள். கொரியன் புல்லின் வேரில் பெரும்பகுதி அந்த ஆழத்துக்குள்தான் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். தங்கள் மூன்று சென்ட் ஏறத்தாழ 121 சதுர மீட்டர். 15 மில்லிமீட்டர் பாய்ச்சினால் சுமார் 1,800 லிட்டர் செலவாகும். சித்திரையில் இந்தப் பாய்ச்சல் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். கார்த்திகையில் வெயிலும் குறைந்து பகலும் சுருங்குவதால், புல்லும் மண்ணும் சேர்ந்து இழக்கும் நீர் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே 1,800 லிட்டர் ஐந்தாறு நாள் வரும். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் தினப்பாய்ச்சல் தேவையில்லை.

பக்கம் நேராக உள்ள பழைய பால்பவுடர் டப்பா ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, மழை விட்டதும் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் 80 மில்லிமீட்டர் கொட்டியது என்பதற்காக ஒரு மாதத்துக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வேர் எட்டும் ஆழத்தில் செம்மண் தாங்குவது இருபது சொச்சம் மில்லிமீட்டர்தான். மீதி ஆழத்துக்கு இறங்கிவிடும் அல்லது தெருவுக்கு ஓடிவிடும். பெருமழை ஒன்றை ஐந்திலிருந்து ஏழு நாளாகவும், ஏரிப் பாசனப் பகுதிகளின் களிமண்ணாக இருந்தால் எட்டிலிருந்து பத்து நாளாகவும் கணக்கிட்டு, அதன் பிறகு திருப்புளியைக் கையில் எடுங்கள்.

கேள்வி: இரண்டு நாள் நல்ல மழை பெய்தது, பிறகு எட்டு நாளாகச் சுள்ளென்று வெயில். புல் ஒருமாதிரி சாம்பல் நீலமாகத் தெரிகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் விடலாமா? (சத்துவாச்சாரி)

தாராளமாக விடலாம். காலையில் புல்மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதிபட்ட புல் நிமிராமல் பாதச் சுவடு அப்படியே பதிந்து கிடந்தால் அது தாகத்தின் அடையாளம். நீலம் பாய்வது அதற்கு முந்தைய அறிகுறி. இலை ஓரங்கள் உள்நோக்கி மடிவதால்தான் அந்த நிறம் தெரிகிறது. ஒரே ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. கோடையில் மண்மேல் வெள்ளைப் பொருக்கு படிகிறது. மழை தொடங்கியதும் போர் தண்ணீரை நிறுத்தினால் புல் தேறுமா? (ஆம்பூர்)

தேறும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களுக்கு அருகே உப்பு நீரைத் தவிர வேறு நீர் கிடைக்காத வீடுகள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் மருந்து. உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டுபோவதற்கு நல்ல தண்ணீர் நிறைய, அதுவும் தொடர்ச்சியாக, இறங்க வேண்டும். அடைமழை அந்த வேலையைச் செய்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. கோடை முழுவதும் மேலே படிந்த உப்பு, முதலில் பெய்யும் ஐந்தாறு மில்லிமீட்டர் தூறலில் கரைந்து, வெளியேற வழியில்லாமல் நேராக வேர்ப்பகுதியில் போய் நின்றுவிடுகிறது. “மழை பெய்த பிறகுதான் புல் கருகியது” என்று சிலர் வியப்போடு எழுதுவதற்கு இதுவே காரணம். ஆகவே முதல் தூறலைக் கண்டதும் மோட்டாரை நிறுத்தாதீர்கள். தூறல் விட்ட அன்றே, போர் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை என்று, வழக்கத்தைவிட அதிகமாகவே பாய்ச்சி அந்த உப்பைக் கீழே தள்ளிவிட வேண்டும். டப்பாவில் 25 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் மழை இரண்டு மூன்று பெய்த பின்னர் போர் தண்ணீரை நிறுத்திக்கொள்ளலாம்.

தண்ணீரில் சோடியம் மிகுந்து, மண் சேறுபோல இறுகிக் குளமாகத் தேங்கும் இடங்களில் மழை மட்டும் போதாது. மழை தொடங்குவதற்கு முன்பே ஜிப்சம் தூவி, முள்கரண்டி போன்ற கருவியால் புல்தரையில் துளை போட்டு வைத்தால், ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்க, மழைநீர் அதை அடித்துச் செல்லும். எவ்வளவு தூவுவது என்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்தே சொல்ல முடியும். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட அளவையே நீங்களும் போட வேண்டாம்.

மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் சேமிக்க இடமிருந்தால், மார்கழி, தை மாதங்களின் பாய்ச்சலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் சிகாகோ அருகே இருக்கிறான். செப்டம்பர் முடிந்ததும் புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தப் போவதாகச் சொல்கிறான். குளிர் வருவதற்கு முன் செடியைக் காயப்போடுவது சரியா? எனக்கு மனம் ஒப்பவில்லை. (குடியாத்தம்)

தங்கள் மனம் ஒப்பாதது சரிதான். அந்தப் பகுதியில் போடப்படும் கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் ஆகியவை குளிரை விரும்பும் புல்வகைகள். கோடையில் சோர்ந்து கிடந்து, செப்டம்பர், அக்டோபரில்தான் அவை மீண்டும் தழைக்கும். மேலே இலையின் வளர்ச்சி நின்ற பின்பும் மண் உறையும் வரை வேர் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே செப்டம்பரில் மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டு, அக்டோபரில் குறைத்து, தரை உறையத் தொடங்கும்போது முற்றிலும் நிறுத்துவதே முறை. வறண்ட மண்ணோடு உறைபனிக்குள் போகும் புல், வசந்தத்தில் திட்டுத் திட்டாகச் செத்துக் கிடக்கும்.

ஆனால் மகன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். தரைக்குள் புதைத்த ஸ்பிரிங்க்ளர் குழாய்களைக் கடும் உறைபனிக்கு முன்பே மூடி, கம்ப்ரசரால் காற்றை ஊதி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும் என்பதால் குழாயும் வால்வும் வெடித்துவிடும். அங்கே அக்டோபர் நடுவிலேயே உறைபனி விழத் தொடங்கும். எனவே குழாயை மூடும் நாள் வேறு, புல்லுக்குத் தண்ணீர் தேவைப்படாத நாள் வேறு. இடைப்பட்ட வாரங்கள் வறட்சியாகப் போனால் ரப்பர் குழாயைக் கையில் பிடித்துத்தான் நனைக்க வேண்டும்.

கேள்வி: கார்த்திகையில் புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டு விழுந்தது. தண்ணீர் போதவில்லை என்று தோட்டக்காரர் தினமும் மாலையில் விடுகிறார், திட்டு பெரிதாகிறது. (ராணிப்பேட்டை)

உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வறட்சியில் காயும் புல், மேடான இடத்திலும் சுவரோரத்திலும் ஒழுங்கில்லாமல் காயும். வட்டமாகப் பரவி, விளிம்பில் கருத்தோ புகைபடிந்தாற்போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. மாலையில் நனைத்த இலை, இரவுப் பனியும் சேர்ந்து, மறுநாள் ஒன்பது மணி வரை உலர்வதில்லை. பூஞ்சைக்கு வேண்டியது அந்தப் பதினைந்து மணி நேர ஈரம்தான்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்தினர் விடுதியின் புல்தரையைப் பராமரித்து வந்தேன். அடைமழை வாரத்தில் ஊருக்குப் போனவன், டைமரை அணைக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது புல் மஞ்சளித்துக் கிடந்தது. பசி என்று நினைத்து யூரியாவும் தூவினேன். மூன்றாம் நாள் மண்வெட்டியால் ஒரு கட்டியைப் பெயர்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பேறி, இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்தன. காற்று இல்லாமல் வேர் மூச்சுத் திணறியிருக்கிறது. நான் அதற்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தரை பங்குனி வரை தேறவில்லை.

தாங்களும் ஒரு கட்டியைப் பெயர்த்து வேரைப் பாருங்கள். வேர் வெளுப்பாக இருந்தால் நோய் இலையோடு நிற்கிறது. தண்ணீரை நிறுத்தி, யூரியாவைத் தவிர்த்து, காலையில் மூங்கில் கழியால் பனியைத் தட்டிவிட்டாலே பெரும்பாலும் அடங்கும். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால், திட்டின் விளிம்பிலிருந்து வேரோடு ஒரு கட்டியை எடுத்துத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டி, மருந்து கேட்டுத் தெளிக்கவும்.

கேள்வி: மார்கழிப் பனியே புல்லுக்குப் போதாதா? (ஏலகிரி)

போதாது. பனி இலையை நனைக்கும், வேருக்கு எட்டாது. ஆயினும் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் தங்களுக்கு அந்த மாதம் புல்லின் வளர்ச்சி நன்றாகவே மந்தப்படும் என்பதால், மழை இல்லாத பட்சத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை பாய்ச்சினால் சரியாக இருக்கும். விடியற்காலையில் பாய்ச்சுங்கள். இலை ஏற்கெனவே பனியில் நனைந்திருக்கும் நேரம் அது. ஈரமாக இருக்கும் கால அளவு அதனால் கூடுவதில்லை.

கேள்வி: புரட்டாசிக் கடைசியில் புதிதாகப் புல் பத்தை பதித்தோம். எங்களுக்கும் இதே கணக்குதானா? (பாகாயம்)

அல்ல. பத்தையின் வேர் அடிமண்ணைப் பிடிக்கும் வரை அதற்குத் தன் அடியில் ஒட்டியிருக்கும் இரண்டு விரற்கடை மண்தான் உலகம். அது ஒரு பகல் வெயிலில் காய்ந்துவிடும். மழை பெய்யாத நாளில் முதல் இரண்டு வாரம் தினமும் இலேசாக நனைக்கவும். ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஜமுக்காளம் போல எழுந்து வராமல் தரையைப் பிடித்துக்கொண்டால் வேர் ஓடிவிட்டது. அதன் பிறகு காட்பாடி வாசகருக்குச் சொன்ன கணக்கு தங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: நிறுத்தியதைத் திரும்ப எப்போது தொடங்குவது? (அரக்கோணம்)

“கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மார்கழியில் மழை பெய்த ஆண்டுகள் இல்லாமல் இல்லை. ஆனால் பாசனத்தைத் திட்டமிடுகிறவர் இந்தப் பழமொழியை நம்பித் தயாராக இருப்பதே நல்லது. பெரிய கார்த்திகை தீபம் முடிந்ததும் வாரம் ஒருமுறை திருப்புளிச் சோதனையைத் தொடங்கிவிடுங்கள். செம்மண்ணில், மழை இல்லையென்றால், மார்கழியிலும் தையிலும் வாரம் ஒரு பாய்ச்சல், மாசியில் ஐந்து நாளுக்கு ஒன்று, பங்குனியில் மூன்று நான்கு நாளுக்கு ஒன்று என்று இடைவெளி தானாகவே நெருங்கி வரும். மாமர, வேப்பமர நிழலில் இருக்கும் பகுதியைத் தனியாகச் சோதியுங்கள். அங்கே வெயில் குறைவு என்றாலும், மரத்தின் வேரும் அதே தண்ணீருக்குப் போட்டி போடும்.

மோட்டாரைப் போடுவதற்கு முன் ஸ்பிரிங்க்ளர் தலைகளைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு மாதம் ஓடாமல் கிடந்ததில் உப்பும் சேறும் அடைத்திருக்கும். சில துளைகளில் எறும்பு மண் வைத்திருக்கும். அவற்றை இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டினால் போதும்.