மூக்குத்திக் கல்லும் நியூட்ரானும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் இங்கிலாந்தில் 2023 வரை ஓடிய ஜெட் இயந்திரத்தைப் பற்றி (விமான ஜெட் இல்லை, லேசான அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுத்துப் பார்த்த சோதனை இயந்திரம்) எழுதும்போது, அந்த அணுக்கரு இணைவில் கிளம்பும் நியூட்ரான்களை அளக்க வைரத்தையும் வைத்தார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இத்தனை கேள்விகள் வந்திருப்பதில் ரொம்பச் சந்தோஷம். இந்த முறை முழுக்க வைரம்தான்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக நகைத் தொழில் செய்கிறோம். நீங்கள் சொல்லும் வைரம் நாங்கள் பதிக்கிற வைரமா, வேறு ஏதாவதா? (நகைத் தொழிலாளி, புதுச்சேரி)

பொருள் அதேதான், கார்பன். உருவம்தான் வேறு. பட்டை தீட்டாத ஒரு சின்னச் சதுரத் தகடு, பெரும்பாலும் பக்கத்துக்கு 4.5 மில்லிமீட்டர், கனம் அரை மில்லிமீட்டர். எடை போட்டால் சுமார் 36 மில்லிகிராம் வரும், உங்கள் கணக்கில் 18 சென்ட். இரண்டு பக்கமும் மெல்லிய உலோகப் பூச்சு, அதிலிருந்து இரண்டு கம்பி. அவ்வளவுதான் கருவி.

பூமியில் தோண்டி எடுத்ததும் இல்லை. மீத்தேன் வாயுவைக் கொஞ்சமாக ஹைட்ரஜனோடு கலந்து, மைக்ரோவேவால் பிளாஸ்மாவாக்கி (அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து மின்னேற்றம் கொண்ட வாயுவாக்கி), சுமார் 800 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு வைர விதையின் மேல் கார்பனை அணு அணுவாகப் படியவைத்து வளர்க்கிறார்கள். இப்போது கடைகளில் விற்கும் லேப் வைரங்களில் ஒரு பகுதி இந்த முறையில்தான் வருகிறது. ஆனால் நகைக்குப் போகும் கல்லில் நிறமும் வெட்டும் பார்ப்பீர்கள், இங்கே பார்ப்பது நைட்ரஜன். இயற்கை வைரங்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கலந்திருக்கும், அது கல்லுக்குள் ஓடும் எலக்ட்ரான்களை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் கண்ணுக்கு அப்பழுக்கில்லாத கல்கூட இந்த வேலைக்கு ஆகாமல் போகலாம். செயற்கை வைரம் இந்தத் தரத்துக்கு வருவதற்கு முன்பு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகத்தில் இருந்த டிஎஃப்டிஆர் என்ற இணைவு இயந்திரத்தில், தேடித் தேர்ந்தெடுத்த இயற்கை வைரங்களைத்தான் வைத்தார்கள்.

உங்கள் பட்டறையிலேயே இதற்குத் தொடர்பான ஒரு சாமான் இருக்கிறது. நேரு வீதியில் ஒரு கடையில், ஒரு பாட்டியம்மாவின் பழைய மூக்குத்தியைக் கடைக்காரர் சோதித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பேனா மாதிரி ஒரு கருவி, அதன் கூர்முனை லேசாகச் சூடேறியிருக்கும். அதைக் கல்மேல் நிமிர்த்தி வைத்து அழுத்தினார், விளக்குகள் ஒவ்வொன்றாக மேலேறி கடைசியில் 'கீ' என்று சத்தம் வந்தது, பாட்டியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்தப் பேனா பார்ப்பது ஒளியை இல்லை, கல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்கிறது என்பதை. செம்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நன்றாக வைரம் சூட்டைக் கடத்தும், காரணம் அதற்குள் கார்பன் அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகக் கைகோத்திருக்கின்றன. அந்த இறுக்கம்தான் நியூட்ரான் வேலைக்கும் அதைத் தகுதியாக்குகிறது. கீழே சொல்கிறேன்.

கேள்வி: நியூட்ரானுக்கு மின்னேற்றமே இல்லை என்று படிக்கிறோம். மின்னேற்றம் இல்லாததை ஒரு கல் எப்படி மின்சாரமாகக் காட்டும்? (பிளஸ் டூ மாணவன், மஞ்சக்குப்பம், கடலூர்)

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய் தம்பி. நியூட்ரானை யாரும் நேராகப் பார்ப்பதில்லை, அது எதையாவது இடித்தால் இடிபட்டது ஓடும், அந்த ஓட்டத்தைத்தான் பார்க்கிறோம். 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான், பாரஃபின் மெழுகிலிருந்து தெறித்து வந்த புரோட்டான்களை வைத்து.

வைரத்தில் இடிபடுவது கார்பன் அணுக்கரு. கேரம் போர்டில் ஒரு காய் போய், தன்னைப் போல 12 மடங்கு எடையுள்ள ஒன்றை இடிப்பதாக நினைத்துக்கொள். நேருக்கு நேர் இடித்தாலும் தன் ஆற்றலில் 28 சதவீதத்துக்கு மேல் அதனால் கொடுக்க முடியாது. சாய்வாக இடித்தால் அதைவிடக் குறைவு. ஆகவே இந்த மோதலை மட்டும் நம்பினால், வந்த நியூட்ரானின் ஆற்றல் என்ன என்று சொல்வது கஷ்டம், கொஞ்சம், நிறைய, நடுவில் என்று எல்லா அளவிலும் துடிப்புகள் வரும்.

ஆனால் டியூட்டீரியமும் டிரிடியமும் (இரண்டுமே ஹைட்ரஜனின் கனமான வகைகள்) இணையும்போது கிளம்பும் நியூட்ரான் சாதாரணமானது இல்லை, 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் (எலக்ட்ரான் வோல்ட் என்பது அணு உலகின் ஆற்றல் அளவு, மெகா என்றால் பத்து லட்சம்). அந்த வேகத்தில் வந்து கார்பனுக்குள்ளேயே புகுந்துவிட்டால், கார்பன் உடைந்து ஒரு பெரிலியமும் ஒரு ஹீலியமும் ஆகிவிடும். கூட்டிப் பார்: 12-ம் 1-ம் 13, அந்தப் பக்கம் 9-ம் 4-ம் 13. உடைப்பதற்கு 5.7 செலவு. 14.1-ல் அது போக மிச்சம் 8.4. பெரிலியம், ஹீலியம் இரண்டுக்கும் மின்னேற்றம் உண்டு, இரண்டும் அதிகபட்சம் சில பத்து மைக்ரான் தூரம் ஓடி வைரத்துக்குள்ளேயே நின்றுவிடும், அதனால் அந்த 8.4 முழுதும் கல்லுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. இதுதான் எனக்கு இந்த விஷயத்தில் தீராத ஆச்சரியம்: அடி வாங்குவதும் அந்தக் கல், வாங்கிய அடியை அளந்து சொல்வதும் அந்தக் கல்.

எப்படிச் சொல்கிறது? வைரத்துக்குள் ஒரு எலக்ட்ரானை அதன் இடத்திலிருந்து பெயர்த்து ஓடவிடச் சராசரியாக 13 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 8.4 மெகா என்பது 84 லட்சம், அதை 13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆறரை லட்சம். இரண்டு பக்க உலோகப் பூச்சுக்கும் இடையே சில நூறு வோல்ட் கொடுத்து வைத்திருப்பதால், அந்த ஆறரை லட்சம் எலக்ட்ரான்களும் சில நானோ வினாடிகளுக்குள் ஒரு பக்கம் ஒதுங்க, ஒரு குட்டித் துடிப்பு வெளியே வரும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்கும். துடிப்பின் உயரம்தான் ஆற்றல். வரைபடத்தில் 8.4-க்கு நேராக ஒரு சிகரம் தனியாக எழுந்து நிற்கும்.

கேள்வி: நெய்வேலி அனல் மின்நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். மின் உற்பத்தியை மீட்டரில் பார்ப்போம். இவர்கள் ஏன் நியூட்ரானை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? (ஓய்வுபெற்றவர், நெய்வேலி)

ஐயா, ஜெட்டில் டர்பைனும் இல்லை ஜெனரேட்டரும் இல்லை, மீட்டர் மாட்ட இடமே இருக்கவில்லை. ஆனால் டியூட்டீரியம்-டிரிடியம் இணைவு ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரே ஒரு நியூட்ரான், மொத்தம் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதில் 14.1, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, நியூட்ரானோடு போகிறது. ஆகவே எத்தனை நியூட்ரான் என்று தெரிந்தால் எவ்வளவு ஆற்றல் என்று தெரிந்துவிடும். ஒரு மெகாவாட்டுக்கு வினாடிக்கு 355 போட்டுப் பின்னால் 15 பூஜ்யம், அவ்வளவு நியூட்ரான்.

2023 அக்டோபரில் ஜெட் 69 மெகாஜூல் எடுத்தது என்று 2024 பிப்ரவரியில் செய்தி வந்ததே, எரிபொருள் வெறும் 0.2 மில்லிகிராம். வீட்டு மீட்டர் கணக்கில் 69 மெகாஜூல் என்பது 19 யூனிட். அந்த 69 என்ற எண் நியூட்ரானை எண்ணிக் கிடைத்தது.

அத்தனையையும் யாரும் எண்ணுவதில்லை, அதுதான் கஷ்டமே. கருவியில் படுவது ஒரு துளி, மீதி சுவரிலும் இரும்பிலும் முட்டிச் சிதறிப் போகும். அந்தத் துளியிலிருந்து மொத்தத்தைச் சொல்ல விகிதம் தெரிய வேண்டும். அதற்காக 2017-ல் ஜெட்டின் வயிற்றுக்குள்ளேயே, ரோபோ கையில் ஒரு சின்ன 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் ஜெனரேட்டரைக் கொடுத்து, ஒவ்வொரு இடமாக நிறுத்தி, வெளியே இருக்கும் கருவிகள் எவ்வளவு காட்டுகின்றன என்று பார்த்தார்கள். ஜெனரேட்டர் அந்த நேரத்தில் உண்மையில் எவ்வளவு கக்குகிறது என்று கவனிக்க அதனுடனேயே வைர உணர்விகளையும் பொருத்தியிருந்தார்கள். பாய்லருக்கு அளவுத்திருத்தம் செய்தவர் நீங்கள், உங்களுக்கு இதன் அருமை தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஜெட்டில் மொத்த எண்ணிக்கைக்கு முதன்மையாக இருந்தவை யுரேனியம் வைத்த பிளவு அறைகளும் (நியூட்ரான் பட்டு யுரேனியம் உடைவதை எண்ணும் கருவிகள்) உலோகத் தகடுகளும்தான். வைரம் பக்கத்தில் இருந்து சரிபார்த்தது, ஆற்றலைப் பிரித்துச் சொன்னது.

கேள்வி: பிளாஸ்மாவின் வெப்பநிலைகூட நியூட்ரானிலிருந்து தெரியுமாமே? (ஆசிரியை, பாகூர்)

தெரியும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பையை முன்பக்கமாக எறிந்தால் வேகமாகப் போய் விழும், பின்பக்கமாக எறிந்தால் மெதுவாக விழும். பிளாஸ்மாவில் இணையும் அணுக்கருக்களும் நிற்காமல் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருப்பதால் நியூட்ரான்கள் சரியாக 14.1-ல் வருவதில்லை, சில கூடுதலாக, சில குறைவாக. அந்த 8.4 சிகரம் அதனால் அகன்றுபோகும். பிளாஸ்மா எவ்வளவு சூடோ அவ்வளவு அகலம், துல்லியமாகச் சொன்னால் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. கோடிக்கணக்கான டிகிரியில் இருப்பதைத் தொடாமலேயே, ஒரு சிகரத்தின் அகலத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கேள்வி: சிலிக்கான் மலிவாயிற்றே, அது போதாதா? (மொபைல் சர்வீஸ் கடைக்காரர், திருப்பாதிரிப்புலியூர்)

சிலிக்கானில் எலக்ட்ரான்களைக் கட்டிவைத்திருக்கும் இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட், வைரத்தில் 5.5. சூடேறினால் சிலிக்கானில் தானாகவே கரண்ட் கசியும், உங்களுக்குத் தெரியாததா. வைரம் சூட்டிலும் அமைதியாக இருக்கும். நியூட்ரான் மழையில் அணுக்கள் இடம் பெயர்ந்து கருவி கெட்டுப்போவதும் வைரத்தில் தாமதமாகத்தான் நடக்கும், அந்த இறுக்கம்தான் காரணம். கூடவே வரும் காமா கதிர்கள் இவ்வளவு சின்ன, லேசான கல்லில் அதிகமாக எதையும் விட்டுச்செல்வதில்லை, ஒரு அளவுக்குக் கீழே வரும் துடிப்புகளை ஒதுக்கிவிட்டால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே அளவு அடிக்குச் சிலிக்கான் தரும் துடிப்பில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வைரம் தரும். பெரிய தகடாக வளர்ப்பது கஷ்டம், அதனால் ஜெட்டில் 12 சின்னத் துண்டுகளைச் சேர்த்து ஒரே கருவியாக்கினார்கள். நாள்பட்டால் இதுவும் தேயும்.

கேள்வி: அப்படியானால் கல்பாக்கத்திலும் இதையே வைக்கலாமே? (வாசகர், காலாப்பட்டு)

கல்பாக்கத்தில் நடப்பது பெரிய அணுக்கருவை உடைக்கும் பிளவு, இங்கே பேசுவது சின்னவற்றைச் சேர்க்கும் இணைவு. அங்குள்ள கனநீர் உலைகளில் நியூட்ரானை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள், மெதுவான நியூட்ரான் இடித்தால் வைரத்துக்கு உறைக்காது. அதற்கு வைரத்தின் மேல் லித்தியம்-6 பூச வேண்டும். மெதுவான நியூட்ரான் அதில் பட்டால் அது ஹீலியமாகவும் டிரிடியமாகவும் பிரிந்து 4.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெளியாகும், தெறித்து உள்ளே வருவதை வைரம் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: மகள் புதுச்சேரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். இந்தத் துறை நம் நாட்டில் இருக்கிறதா? (அம்மா, வில்லியனூர்)

இருக்கிறது அம்மா. குஜராத்தில் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், அங்கே ஆதித்யா டோகாமாக் (பிளாஸ்மாவைக் காந்தத்தால் வளையமாகப் பிடித்துவைக்கும் இயந்திரம்) 1989-லிருந்து. 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களை உண்டாக்கும் ஆய்வகமும் அங்கே இருக்கிறது. பிரான்ஸில் கட்டப்படும் பன்னாட்டு இணைவு இயந்திரமான ஐட்டரில் இந்தியாவும் பங்காளி, அதைச் சுற்றி மூடும் பிரமாண்டமான குளிர்க்கூடு, கிரையோஸ்டாட், குஜராத்தின் ஹசீராவில் செய்து போனதுதான். ஐட்டரின் நியூட்ரான் கேமராவிலும் வைரங்கள் இடம்பெறப் போகின்றன.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். கல்லூரி லேபில் கதிர்களை எண்ணும் கைகர் கவுண்ட்டர் பரிசோதனையை எல்லோரும் ரெக்கார்டுக்காக ஒருமுறை செய்துவிட்டு விடுவார்கள். அவள் அனுமதி கேட்டு இன்னொரு முறை உட்காரட்டும். 100 எண்ணினால் பிழை அதன் வர்க்கமூலமான 10, அதாவது பத்து சதவீதம். 10,000 எண்ணினால் பிழை 100, ஒரு சதவீதம். எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் எத்தனை சதவீதத்துக்கு வரலாம் என்று அவளே கணக்குப் போட்டு, ஒரு மத்தியானம் முழுக்க எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் அந்த அட்டவணையைப் போடுகிறேன்.