கூட்டத்தில் போய் என்ன கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பக்கத்தில் பெரிய ரசாயன ஆலை வரப்போகிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. என்னைப் பேசச் சொல்கிறார்கள். ஆலை வேண்டாம் என்பதா, வேலை கொடுங்கள் என்பதா?
– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அதை முடிவு செய்வதற்கு முன், ஆலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆராய்ந்து எழுதிய வரைவு அறிக்கையைப் படித்துவிடுங்கள், அம்மா. 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி உங்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். நாலு பேராகப் போய்ப் பாருங்கள்.

ஆலையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பதையெல்லாம் ஆய்வு செய்திருப்பார்கள். அந்த வரைபடத்தில் உங்கள் கண்மாய் இருக்கிறதா? அதன் வரத்துக்கால் இருக்கிறதா? கிணற்று நீரை எந்த மாதத்தில் சோதித்தார்கள்? பெரும்பாலும் மழை இல்லாத ஒரு பருவத்தில்தான் அளவெடுப்பார்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள். ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே போகும் என்றும் கேளுங்கள்.

அனுமதி தரும்போது நிபந்தனை போடுவார்களே என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரம் வளர்க்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. நிறுவனம் கேட்டுக்கொண்டதும் 1994-லேயே அது 25 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அந்த ஊர் மக்கள் பட்டது உங்களுக்கே தெரியும். 2018 மே 22-லும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மக்களிடம் கருத்துக் கேட்காமல் அந்த ஆலையை விரிவாக்கக் கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவு மே 23-ல்தான் வந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை. அதனால்தான் கூட்டத்துக்குப் போங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, வேலை விஷயம். எத்தனை பேருக்கு, நிரந்தரமா ஒப்பந்தமா என்று மேடையிலேயே சொல்ல வையுங்கள். கடைசியில் கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை யாரும் எழுந்து போகாதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். பேசக் கூச்சப்படுகிறவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம்.

அப்புறம், அனுமதி கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று விட வேண்டாம். 30 நாளுக்குள் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.